ஷிமானோ டூரா ஏஸ் ட்ராக் செட்: யாழ்ப்பாணத்தில் இருந்து ஸ்பிரின்ட் பழகுபவருக்கு எவ்வளவு பொருந்தும்?

ஆண்கள் ஸ்பிரின்ட் போட்டியைத் திரையில் பார்ப்பவரின் கண்ணுக்கு முதலில் படுவது கார்பன் ஃபிறேமும் தட்டுச் சில்லும்தான். காசு சேர்ந்தவுடன் அதைத்தான் வாங்க மனம் போகும். ஆனால் ஓட்டக்காரரின் முழுப் பலமும் கடந்து போகிற இடம் வேறு. மிதிகட்டையில் இருந்து கிறாங், முன் பற்சில்லு, செயின், பின் பற்சில்லு, கடைசியில் பின் ஹப்பின் இரண்டு மரைகள். அதில் ஒன்று நெகிழ்ந்தால் மேலே எவ்வளவு விலையான ஃபிறேம் இருந்தும் பயனில்லை. நிலையான சில்லுச் சைக்கிளை, அதாவது ஃபிறீவீல் இல்லாததை, முதன்முதலாகக் கட்டுபவர் காசை முதலில் இந்தப் பகுதியில்தான் போட வேண்டும். அதற்குப் பல தசாப்தங்களாகப் பெரிய மாற்றமில்லாமல் இருந்து வரும் ஷிமானோவின் டூரா ஏஸ் ட்ராக் செட், அதாவது சுற்றுப்பாதைப் பந்தயத்துக்கான உருப்படித் தொகுதி, இன்னும் நல்ல தெரிவு. குறையும் உண்டு, அதைக் கீழே மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

இங்கே பார்க்கும் உருப்படிகள்: எச்.பி-7600 ஹப், எஸ்.எஸ்-7600 பின் பற்சில்லும் அதைப் பூட்டும் வளையமான லொக்றிங்கும், எப்.சி-7710 கிறாங், கிறாங் சுற்றும் அச்சுத் தொகுதியான பி.பி-7710 பொட்டம் பிறாக்கெட். எல்லாம் ஜப்பானின் கெய்ரின் பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்டவை, என்.ஜே.எஸ் முத்திரை குத்தப்பட்டிருக்கும். 1948இல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின், பந்தயப் பணம் புழங்கும் விளையாட்டு. ஒருவருடைய சைக்கிள் இன்னொருவருடையதை விட உயர்ந்தது என்ற பேச்சுக்கே இடம் வரக்கூடாது என்பதால் உருப்படிகளைக் கடுமையாகச் சோதித்துத்தான் முத்திரை கொடுப்பார்கள். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை தொழில்முறை ஸ்பிரின்ட் உலகச் சம்பியனாக இருந்த கொய்ச்சி நக்கானோ அந்தப் பந்தயத்தில் இருந்து வந்தவர்தான்.

ஸ்பிரின்ட் இந்த உருப்படிகளிடம் என்ன கேட்கிறது?

250 மீற்றர் வெலோட்ரோமில், அதாவது வளைவுகள் சரிவாகக் கட்டப்பட்ட சைக்கிள் ஓடுபாதையில், ஒரு ஸ்பிரின்ட் ஓட்டம் மூன்று சுற்று. இரண்டு பேர். காலிறுதியில் இருந்து, மூன்றில் இரண்டை வெல்பவர் அடுத்த கட்டத்துக்குப் போவார். முதல் இரண்டு சுற்றும் பெரும்பாலும் நடை வேகத்தில் போகும், ஒருவரை ஒருவர் முன்னே தள்ளிவிடப் பார்ப்பார்கள். இடையில் சைக்கிளை அசையாமல் நிறுத்தி மற்றவரை முந்தவைக்கலாம். இன்றைய விதிப்படி ஓர் ஓட்டத்தில் இரண்டு முறை மட்டும், ஒவ்வொன்றும் 30 விநாடிக்கு மேற்படாமல். முன்பு அந்த எல்லை இருக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் ஜியோவன்னி பெத்தனெல்லாவும் பிரான்சின் பியர் திறென்றினும் 21 நிமிடம் 57 விநாடி அப்படியே நின்றார்கள்.

நின்ற நிலையில் இருந்து ஒரே பாய்ச்சலில் உச்ச வேகம். நெதர்லாந்தின் ஹரி லவ்றைசன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், முன்பே வேகம் எடுத்து வந்து அளக்கும் பறக்கும் 200 மீற்றரை 9.088 விநாடியில் ஓடினார், மணிக்கு 79 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 2025 ஓகஸ்டில் துருக்கியின் கொன்யாவில் பிரித்தானியாவின் மத்தியூ றிச்சட்சன் அதை 8.857க்குக் கொண்டுவந்தார், அது மணிக்கு 81 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. கொன்யா ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கும் நகரம், காற்றின் அடர்த்தி குறைவு.

ஆக, உருப்படிகளுக்கு மூன்று வகைச் சுமை வருகிறது. நிற்கும்போது முன்னும் பின்னுமாக மெல்லிய அழுத்தம். பாயும்போது பெரும் முறுக்கு. முடிவுக் கோட்டைக் கடந்தபின் வேகத்தைக் குறைக்கக் கால்களால் பின்னுக்குத் தள்ளும் எதிர் முறுக்கு. வீதிச் சைக்கிளின் ஹப்புக்கு இந்த மூன்றாவது சுமை வருவதே இல்லை. ட்ராக் ஹப்பின் அமைப்பு முழுவதும் அதற்காகவே வேறுபடுகிறது.

ஒரு கணக்குப் பார்த்தால் விளங்கும். 170 மி.மீ கிறாங்கில் ஓட்டக்காரர் 1500 நியூட்டன் விசையோடு மிதிக்கிறார் என்று வையுங்கள். 75 கிலோக்காரர் எழுந்து நின்று, கைபிடியை இழுத்து, தன் எடையைப்போல் இரண்டு மடங்கு போடுவது அது. கிறாங்கில் முறுக்கு 255 நியூட்டன் மீற்றர். முன்னே 49 பல் என்றால் அதன் ஆரை ஏறத்தாழ 99 மி.மீ. செயினில் இழுவை 2,575 நியூட்டன், அதாவது 260 கிலோவைத் தூக்கிக் கட்டியது போன்ற சுமை. பின்னே 15 பல்லில் அது ஹப் மரையில் 78 நியூட்டன் மீற்றராக இறங்கும். அலுமினிய ஹப்பில் வெட்டிய மெல்லிய மரை அதைத் தாங்க வேண்டும், பிறகு எதிர்த் திசையிலும் தாங்க வேண்டும்.

ஹப்பும் பின் பற்சில்லும்

இந்தச் செட்டில் காசுக்கு முழுப் பெறுமதி தருவது இந்த இரண்டும்தான். பின் ஹப்பின் அகலம் 120 மி.மீ, முன் 100 மி.மீ. இரும்பு அச்சு, இரு பக்கமும் நட். பின் பற்சில்லு ஏறும் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலமரை. அதற்கு வெளியே லொக்றிங்குக்குச் சற்றுச் சிறிய 1.29 அங்குல மரை, அதுவும் 24, ஆனால் இடமரை. முன்னோக்கி மிதிக்கும்போது பற்சில்லு இறுகிக்கொண்டே போகும். பின்னுக்குத் தள்ளும்போது அது கழலப் பார்க்கும். கழன்று வந்து லொக்றிங்கில் முட்டினால், லொக்றிங் இடமரை என்பதால் அது மேலும் இறுகும். ஒன்றை ஒன்று பூட்டும் ஏற்பாடு.

ஷிமானோவின் சிறப்பு மரையின் துல்லியம். புதுப் பற்சில்லைக் கையால் சுற்றும்போது ஆட்டம் இல்லாமல், சிக்காமல், கடைசி வரை ஒரே சீராகப் போய் உட்காரும். மலிவான ஹப்புகளில் பற்சில்லு மேலும் கீழும் சற்று ஆடும். அந்த ஆட்டம்தான் பின்னாளில் மரையைத் தின்னும். பற்சில்லு உருக்கு, ஹப் அலுமினியம். ஒவ்வொரு முறை எதிர் முறுக்குக் கொடுக்கும்போதும் பற்சில்லு ஒரு மயிரிழை நகர்ந்தால், உருக்கு அலுமினியத்தை அரம் மாதிரி அராவும். சில மாதம் கழித்து ஒரு நாள் மரை முழுதாகக் கழன்று வரும். பலர் அதை ஹப்பின் குற்றம் என்று நினைப்பார்கள். அநேகமாக முதல் நாளே பற்சில்லு சரியாக இறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

பொருத்தும் முறை: இரண்டு மரையையும் மண்ணெண்ணெய் தொட்ட பல் தூரிகையால் சுத்தம் செய்து, காயவிட்டு, மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள். பற்சில்லைக் கையாலேயே கடைசி வரை சுற்றுங்கள். அரைவாசியில் இறுகினால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, உடனே திருப்பிக் கழற்ற வேண்டும். பிறகு செயின் சுற்றிய நீண்ட பிடிக் கருவியால் உடல் எடையைப் போட்டு இறுக்குங்கள். அதன் பின்தான் லொக்றிங். அதை இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும், கொக்கி ஸ்பானர் தேவை. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் பள்ளங்கள் நசிந்து அடுத்த முறை கொக்கி பிடிக்காது.

இத்தோடு வேலை முடியவில்லை. வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்தக் கட்டத்தில் ஒரு மேட்டில் ஏறி ஓடச் சொல்லும், மிதி விசையில் பற்சில்லு இன்னும் இறுகும் என்பதால். யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே? அதற்குப் பதில் முன்சில்லை மதிலில் முட்டுக்கொடுத்து, முன் பிறேக்கை முழுதாகப் பிடித்து, கிறாங்கைக் கிடையாக வைத்து, எழுந்து நின்று மிதிகட்டையில் முழு எடையைச் சில முறை போடுங்கள். மறுபடி லொக்றிங்கை இறுக்குங்கள். பிறகு ஒரு கிலோமீற்றர் எதிர் அழுத்தம் கொடுக்காமல், முன் பிறேக்கால் மட்டும் நிறுத்தி ஓடி வந்து, மூன்றாம் முறையும் இறுக்குங்கள். அநேகமாக இந்த முறையும் லொக்றிங் சிறிது நகரும்; நகராமல் நிற்கும் வரை விடாதீர்கள்.

லொக்றிங் தொலைந்தால் கையில் கிடைத்ததைப் போடக்கூடாது. கம்பஞ்ஞோலோவும் சில இத்தாலிய ஹப்புகளும் பயன்படுத்தும் லொக்றிங் 1.32 அங்குலம். அது ஷிமானோ ஹப்பில் ஏறியது போலத் தோன்றும், பாதி மரைதான் பிடிக்கும். முதல் கடும் எதிர் அழுத்தத்தில் வழுக்கிவிடும்.

இதைவிட ஆபத்தான ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய றலி, லுமாலா வகைச் சைக்கிள்களின் ஃபிறீவீல் ஹப் மரையும் 1.37 அங்குலம், 24தான். அதனால் நிலையான பற்சில்லு அதில் அழகாக ஏறிவிடும். மேலே பொட்டம் பிறாக்கெட் வளையம் ஒன்றைப் போட்டு இறுக்கிவிட்டால் முடிந்தது என்று சில இடங்களில் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்த வளையம் வலமரை. பற்சில்லு கழலும்போது அதுவும் சேர்ந்து கழலும், பூட்டாது. கால்களால் வேகத்தைக் குறைக்கும் கணத்தில் செயின் சும்மா சுற்றத் தொடங்கும். அந்த நேரம் முன் பிறேக்கும் இல்லையென்றால் நிறுத்த வழியே கிடையாது. லொக்றிங்குக்கென்று தனி இடமரைப் படி இல்லாத ஹப்பில் நிலையான பற்சில்லு போடவே வேண்டாம். பசை போட்டாலும் வேண்டாம்.

எஸ்.எஸ்-7600 பற்சில்லு 13 முதல் 16 பல் வரை கிடைக்கும். அதைவிடப் பெரியது வேண்டுமென்றால் வேறு தயாரிப்பாளரிடம் போக வேண்டும். மரை அளவு ஒன்றாக இருந்தால் பொருந்தும். செயின் அரை அங்குலத்துக்கு எட்டில் ஒரு அங்குலம். வீதி ரேஸ் சைக்கிளின் ஒடுங்கிய செயின் இந்தப் பல்லில் உட்காராது. ஊர்ச் சைக்கிளின் செயினும் அதே அளவுதான் என்பதால் அவசரத்துக்குக் கிடைக்கும். பயிற்சி ஓட்டத்துக்குப் பரவாயில்லை, பாய்ச்சல் பழகும்போது வேண்டாம். ஊசி தட்டியிருக்கும் உறுதி ட்ராக் செயினுக்குச் சமமாக இருக்காது. மேலே சொன்ன 260 கிலோச் சுமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உருக்குக் குண்டு (போல்), அது உருளும் கப், அதை உள்ளே பிடிக்கும் கோன் உள்ள பழைய முறை ஹப் இது. மூடிய பேரிங் இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அது வசதி. முன் ஹப்புக்கு 3/16 அங்குல போல், பின் ஹப்புக்கு 1/4 அங்குல போல். கோனைச் சரிபார்த்து இறுக்கத் தெரியாத சைக்கிள் திருத்துநர் குடாநாட்டில் இல்லை. மூடிய பேரிங் கெட்டால் சரியான இலக்கம் தேடி கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும். இதற்கு அரை மணி வேலை. ஆனால் தூசு மறைப்பு அதிகம் இல்லை. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் காரைநகர், வேலணைப் பக்கம் ஓடுபவர்களுக்குக் கடல் நீர்த் தூறலும் உப்புக் காற்றும் தப்பாது. வலிகாமத்துச் செம்மண் தூசு கிறீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். மாரி தொடங்க முன் ஒரு முறை, முடிய ஒரு முறை பிரித்துக் கழுவிக் கிறீஸ் போட வேண்டும். கப்பில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் புதுக் கோன் போட்டும் பயன் இல்லை.

நட் விஷயத்தில் கவனம். ஷிமானோ பின் அச்சு 10 மி.மீ, மரை 1 மி.மீ. ஊர்ச் சைக்கிளின் நட் அங்குல அளவு, 3/8 அங்குலம், 26 மரை. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். பலவந்தமாக ஏற்றினால் அச்சின் மரை போய்விடும். மேலதிகமாக இரண்டு நட் வாங்கி வைத்திருப்பது நல்லது. 15 மி.மீ ஸ்பானர் நீண்ட பிடியுள்ளதாக வேண்டும். நட் தளர்வாக இருந்தால் பாயும்போது பின்சில்லு வலப்பக்கம் முன்னோக்கி இழுபட்டு ஃபிறேமில் உரசி நின்றுவிடும். புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது இதுதான்.

கிறாங்

எப்.சி-7710 உறுதியில் குறை சொல்ல முடியாதது. முன் பற்சில்லு ஐந்து பொல்ட்டில், 144 மி.மீ வட்டத்தில் பூட்டும். ட்ராக்கில் நெடுங்காலமாகப் பொதுவாக இருக்கும் அளவு அது, ஆகவே வேறு பல தயாரிப்பாளர்களின் பற்சில்லும் பொருந்தும். முன் பற்சில்லைத் தனியாக வாங்க வேண்டும் என்பதை விலை கேட்கும்போதே நினைவில் வையுங்கள்.

பொட்டம் பிறாக்கெட்டுடன் இணையும் இடம் சதுர முனை அல்ல, எட்டுப் பள்ளமுள்ள ஒக்டாலிங்க். விறைப்பு அதிகம். பிழைவிட்டால் நட்டமும் அதிகம். கிறாங்கைப் பள்ளத்தில் சரியாகப் பொருத்தாமல் பொல்ட்டை இறுக்கினால் கிறாங்கின் உள்விளிம்பு நசியும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். முதலில் கையால் தள்ளிப் பள்ளம் பள்ளத்தில் விழுந்ததா என்று பார்த்து, பொல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீற்றர் வரை முறுக்கு அளவியால் இறுக்க வேண்டும். முறுக்கு அளவி ஊரில் எல்லாரிடமும் இல்லை, ஆனால் கார் திருத்தும் இடங்களில் இரவல் கேட்கலாம். கழற்றும்போது சதுர முனைக்கான கருவியை அப்படியே திருகினால் அதன் முனை அச்சின் துளைக்குள் போய்விடும், கிறாங்கின் மரை பிய்ந்து வரும். அகன்ற தலையுள்ள இடைத்துண்டு தேவை.

பழைய றலி ஃபிறேமில் இதைப் போடலாமா என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் தவறாமல் வரும். அநேகமாக முடியாது. பழைய றலியின் பொட்டம் பிறாக்கெட் மரை அங்குலத்துக்கு 26, ஷிமானோவுக்கு வேண்டியது 24. பின் ஃபோர்க்கின் அகலமும் போதாது, விரிக்க வேண்டி வரும். றலியில் பழகுவது நல்ல விடயம்தான். அதற்கு இந்தக் கிறாங் வேண்டாம்.

நீளத்தில் 165 மி.மீ எடுங்கள். நிலையான சில்லில் வளைவில் மிதிப்பதை நிறுத்த முடியாது. வளைவு சரிவாகக் கட்டிய வெலோட்ரோம் இங்கே இல்லை. தட்டையான மைதானத்திலும் வீதி வளைவிலும் சைக்கிள் சரியும்போது உட்பக்க மிதிகட்டை நிலத்தில் தட்டினால் பின்சில்லு தூக்கி எறியப்படும். ஐந்து மி.மீற்றர் குறைவது சிறிதாகத் தோன்றும், சரியும் கோணத்தில் அது பாதுகாப்பு. வேகமாகச் சுற்றிப் பழகவும் உதவும்.

எத்தனை பல்?

இந்தச் செட்டின் உண்மையான எல்லை இங்கேதான் தெரிகிறது. 1990கள் வரை ஸ்பிரின்ட் ஓடியவர்களுக்கு 50க்கு 14, அதாவது முன்னே 50 பல், பின்னே 14 பல், என்பது பெரிய கியர். ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் ஏழரை மீற்றர் போகும். லவ்றைசனின் 9.088 விநாடி வேகத்தை அந்தக் கியரில் எட்ட நிமிடத்துக்கு 176 சுற்று மிதிக்க வேண்டும். 60க்கு 14 என்றால் சுற்றுக்கு 9 மீற்றர், 147 சுற்று போதும். ஜிம்மில் கனமான எடை தூக்கிப் பலம் சேர்த்த இன்றைய ஓட்டக்காரர்கள் பெரிய கியருக்குப் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் செயினில் இருக்கிறது. 42க்கு 12, 49க்கு 14, 56க்கு 16 மூன்றும் ஒரே கியர், மூன்றரைக்கு ஒன்று. ஆனால் அதே மிதி விசைக்கு, 42இல் செயின் இழுவை 3,000 நியூட்டன், 56இல் 2,250. நான்கில் ஒரு பங்கு குறைவு. செயின் வளையும் கோணமும் குறைகிறது, உராய்வும் குறைகிறது. ஆகவே ஒரே கியரைப் பெரிய பற்சில்லுகளால் எடுப்பது எப்போதும் நல்லது. 16க்கு மேல் ஷிமானோ பின் பற்சில்லு இல்லாதது இந்த இடத்தில்தான் குறையாகத் தெரியும். பழைய ஃபிறேம்களில் முன்னே 50களின் நடுப்பகுதியைத் தாண்டும்போது, பின்சில்லுக்குப் போகும் ஃபிறேமின் கீழ்க்குழாயில் (செயின் ஸ்டே) பற்சில்லு உரசுமா என்று முதலில் அளந்து பாருங்கள். 60 பல்லின் ஆரை மட்டும் 121 மி.மீ.

அது போட்டிக்காரர்களின் கவலை. இங்கே பழகுபவருக்கு எங்கள் பரிந்துரை: முன்னே ஒரே ஒரு 49, பின்னே 14, 15, 16 மூன்றும். பல் விகிதத்தை 27 அங்குலச் சில்லால் பெருக்கும் பழைய அங்குலக் கணக்கில் அவை 94.5, 88.2, 82.7. சோளகம் வீசும் மாதங்களில் ஏ9 வீதியில் ஆனையிறவுப் பக்கம் எதிர்க்காற்றில் ஓட 16. வழமையான பயிற்சிக்கு 15. காற்று முதுகில் இருக்கும் நேரம் பறக்கும் 200 மீற்றர் எடுக்க 14. ஒரு பல் கூடினால் குறைந்தால் பின்சில்லு ஏறத்தாழ 3 மி.மீ மட்டும் நகரும், செயினை வெட்ட வேண்டியதில்லை.

48க்கு 16 வாங்காதீர்கள். சரியாக மூன்றுக்கு ஒன்று என்பதால் ஒவ்வொரு மிதியின் உச்ச விசையும் பின் பற்சில்லின் அதே பற்களில் திரும்பத் திரும்ப விழும், தேய்வு ஓரிடத்தில் குவியும். வீதியில் பின்சில்லைப் பூட்டி வழுக்குபவர்களுக்கு ரயரும் ஒரே இடத்தில் தேய்ந்து துணி தெரியும். 49க்கு 15இல் அந்தத் தேய்வு பதினைந்து இடங்களில் பிரிந்துவிடும்.

செயின் தொய்வு

ஸ்பிரின்ட் பழகுபவருக்கு வேறெதையும் விட இது முக்கியம். நின்ற நிலை பழகும்போது முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் கால் மாறும் ஒவ்வொரு முறையும் தொய்ந்த செயின் ஒரு வெற்றிடம் தரும். அந்த வெற்றிடத்தில்தான் சமநிலை போகும். பாயும் கணத்தில் அதே தொய்வு ஓர் அடியாக விழும், அந்த அடி மரையைத் தாக்கும். அதற்காக முற்றாக இறுக்கவும் கூடாது. முன் பற்சில்லு ஒருபோதும் முழு வட்டமாக இருக்காது. ஓரிடத்தில் தொய்யும், ஓரிடத்தில் இறுகும். கிறாங்கை மெல்லச் சுற்றி மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஐந்து பொல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, அந்த இடத்தில் செயினை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி, எதிரெதிர் வரிசையில் 8 முதல் 11 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் வித்தியாசம் நன்றாகக் குறையும். கடைசியில், மிக இறுகிய இடத்திலும் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும்.

தேய்வை அளக்கச் சாதாரண அடிமட்டம் போதும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஓர் அங்குலம் கூடிவிட்டால் மாற்றுங்கள், இல்லையென்றால் அது விலையான பின் பற்சில்லையும் கெடுத்துவிடும். உப்புக் காற்றில் ஓடி வந்த அன்றே செயினைத் துடைத்து ஒயில் விடுங்கள். ஒரு இரவு விட்டாலே துரு பிடிக்கும்.

துடைக்கும்போது சில்லைச் சுற்றவிட்டுத் துணியால் செயினைப் பிடிக்கவே கூடாது. ஃபிறீவீல் சைக்கிளில் பழகிய கை அப்படித்தான் செய்யும். நிலையான சில்லில் துணி பற்சில்லுக்குள் போனால் விரலும் போகும், சில்லு நிற்காது. நிறுத்தி, ஒரு சாண் துடைத்து, கையை எடுத்து, நகர்த்தி, மறுபடி துடையுங்கள். அதே காரணத்துக்காகச் சாரத்தோடு இதில் ஏறக்கூடாது. செயின் கவர் இல்லை. துணி சிக்கினால் மிதிப்பதை விட்டாலும் கிறாங் சுற்றிக்கொண்டே இருக்கும். சப்பாத்து நாடாவையும் உள்ளே செருகுங்கள்.

வீதியில் முன் பிறேக் கட்டாயம். வெலோட்ரோமில் பிறேக்குக்கு அனுமதி இல்லை, எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே மாடு வராது. ட்ராக் ஃபோர்க் பலவற்றில் பிறேக் துளை இருக்காது. ஃபோர்க் வாங்கும்போதே துளையுள்ளதைத் தேடுங்கள். கார்பன் ஃபோர்க்கில் பிறகு துளைக்க முயல வேண்டாம்.

வாங்கும் ஒழுங்கு

முழுச் செட்டையும் ஒரே தரத்தில் வாங்கத் தேவையில்லை. முதலில் பின் ஹப், ஒரு 15 பற்சில்லு, லொக்றிங், நல்ல செயின். கிறாங் 144 மி.மீ வட்டமுள்ள மலிவான சதுர முனையாக இருந்தாலும் ஆரம்பத்துக்குப் போதும். முன் ஹப் எதுவானாலும் சரி. அதில் முறுக்கு இல்லை, ஆகவே டூரா ஏஸ் முன் ஹப்புக்குக் கொடுக்கும் காசு இந்தத் தேவைக்கு வீண். எப்.சி-7710 கிறாங்கைப் பாய்ச்சல் பலம் வந்த பிறகு வாங்கலாம். அப்போது கூட, பெரிய கியர் உலகத்துக்குப் போக எண்ணமிருந்தால் இன்றைய அணிகள் பயன்படுத்தும் ஒரே துண்டுக் கார்பன் கிறாங்குகளுக்கு இது வேகத்தில் ஈடாகாது. திறந்த ஐந்து கைகள் காற்றைக் கலக்கும். உறுதியிலும் நீடிப்பிலும் மட்டும் இது இன்னும் நிற்கிறது.

ஜப்பானில் இருந்து வரும் பாவித்த கெய்ரின் உருப்படிகள் நல்ல தெரிவு, பார்த்து எடுத்தால். ஹப் மரையை நகத்தால் தடவுங்கள். உச்சி கூராக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மொட்டையாக, சாய்வாக இருந்தால் விட்டுவிடுங்கள். படம் மட்டும் பார்த்து வாங்குவதானால் பற்சில்லைக் கழற்றிய நிலையில் மரையின் கிட்டப் படம் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். கம்பித் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று எண்ணெய் தடவித் துடைத்துப் பாருங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் கோடாகத் தெரியும். கிறாங்கில் ஐந்து கைகளும் சேரும் கவட்டிலும் அதே சோதனை. ஒக்டாலிங்க் பள்ளங்களின் விளிம்பு உருண்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அச்சின் இரண்டு நட்டும் வருகிறதா, லொக்றிங் ஷிமானோவுடையதுதானா என்பதைக் காசு கொடுக்க முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.